சிறிய விளம்பர நிறுவனத்தில் எழுதுபவரும் டிசைனரும் சேர்ந்து வேலை செய்வது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். யாழ்ப்பாண நகரில் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு விளம்பர நிறுவனம். கேட்டவர் அங்கே விளம்பர வாசகம் எழுதுபவர். திங்கட்கிழமை காலையில் முதலாளி எல்லாரையும் மேசையைச் சுற்றி இருத்தி, "ஐடியா சொல்லுங்கோ" என்கிறார். ஒருவரும் வாய் திறப்பதில்லை. கடைசியில் முதலாளி சொன்னதுதான் விளம்பரமாகிறது. எழுதுபவருக்கும் டிசைனருக்கும் இடையில் ஓயாத இழுபறி. கொழும்பிலுள்ள பெரிய ஏஜென்சிகளில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள், அந்த முறை இங்கே சரிவருமா, சரிவராவிட்டால் கொழும்புக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு இடத்திலும் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்களாகத்தான் இருப்பார்கள். வேலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற வரிசைதான் பிழைத்துக் கிடக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை கூட்டம் போட்டாலும், அலுவலகமே திரண்டு போய்க் கசூரினாக் கடற்கரையில் குளித்துவிட்டு வந்தாலும் ஒன்றும் மாறாது.

இப்போது உங்கள் இடத்தில் அனேகமாக என்ன நடக்கிறது? கடைக்காரர் முதலாளிக்குப் போன் எடுக்கிறார். முதலாளி உங்களைக் கூப்பிட்டு, "தீபாவளிக் கழிவு, ரெண்டு வரி எழுதும்" என்கிறார். நீங்கள் எழுதி வட்ஸ்அப்பில் டிசைனருக்கு அனுப்புகிறீர்கள். கூடவே "வடிவாச் செய்து தாங்கோ" என்று ஒரு வரி. அந்த விளம்பரம் யாருக்கு, எதற்கு என்று டிசைனருக்குத் தெரியாது. எட்டு வரி எழுத்தும், கடையின் முகப்புப் படமும், உரிமையாளரின் படமும், நான்கு தொலைபேசி எண்ணும் ஒரு சதுரத்துக்குள் போக வேண்டும் என்பது மட்டும் தெரியும். அவர் எழுத்தைக் குறைக்கச் சொல்வார். நீங்கள் படத்தைச் சின்னதாக்கச் சொல்வீர்கள். இருவரும் அடிபடுவது இடத்துக்காக. யோசனையைப் பற்றி இன்னும் கதைக்கவே தொடங்கவில்லை.

இதை யாழ்ப்பாணத்துக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். நியூயோர்க்கிலும் 1940கள் வரை பெரும்பாலும் இதே கதைதான். எழுதுபவர் எழுதி முடிப்பார், தாள் ஓவியப் பிரிவுக்குப் போகும், அங்கே இருப்பவர் அதற்குப் படம் போடுவார். அதை மாற்றியவராகப் பில் பேர்ன்பாக்கைச் சொல்வார்கள். 1949இல் அவர் வேறு இருவரோடு சேர்ந்து தொடங்கிய டொய்ல் டேன் பேர்ன்பாக் நிறுவனத்தில் எழுதுபவரையும், படத்துக்கும் வடிவமைப்புக்கும் பொறுப்பான ஆர்ட் டிரெக்டரையும் சோடியாக இருத்தினார். 1959இல் அங்கே ஜூலியன் கோனிக் எழுத, ஹெல்முட் க்ரோன் வடிவமைத்த வொக்ஸ்வாகன் விளம்பரத்தை நீங்கள் எங்காவது கண்டிருப்பீர்கள். வெறும் பக்கம், அதில் ஒரு மூலையில் பூச்சி அளவில் கார், கீழே 'சின்னதாக யோசியுங்கள்' என்ற பொருளில் ஒரு வரி. மற்ற நிறுவனங்கள் நீண்ட பெரிய கார்களைப் பக்கம் நிறையக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. படத்தை எடுத்துவிட்டால் அந்த வரி நிற்காது. வரியை எடுத்துவிட்டால் அச்சகம் பிழை விட்டுவிட்டது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். பாதிப் பாதி வேலையை ஆளுக்கொரு அறையில் செய்து கடைசியில் ஒட்டியிருந்தால் இப்படி ஒன்று வந்திருக்காது.

கொழும்பில் சர்வதேச வலையமைப்புகளோடு சேர்ந்திருக்கும் ஏஜென்சிகளும் இந்தச் சோடி முறையில்தான் இயங்குகின்றன. சோடிக்கு மேலே யோசனைகளுக்குப் பொறுப்பான கிரியேட்டிவ் டிரெக்டர், வாடிக்கையாளரோடு கதைக்கக் கிளையன்ட் சேர்விஸ், வாங்குபவரின் மனதை ஆராய்ந்து சொல்லப் பிளானர். இந்தப் பிளானர் என்ற ஆள் 1968 அளவில் லண்டனில் இரண்டு ஏஜென்சிகளில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உருவானவர். ஆறு பேர் உள்ள இடத்தில் இத்தனை கதிரை தேவையில்லை. கிளையன்டோடு கதைப்பவரே பிரீஃப் (விளம்பரம் யாருக்கு, எதற்கு, என்ன சொல்ல வேண்டும் என்ற குறிப்பு) எழுதலாம். முதலாளியே கிரியேட்டிவ் டிரெக்டராக இருக்கலாம். எழுதுபவர், டிசைனர் சோடியை மட்டும் பிரிக்கக் கூடாது.

அதற்காகக் கொழும்பைச் சொர்க்கமாக நினைக்கவும் வேண்டாம். அங்கே பெரும்பாலான விளம்பரம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் யோசிக்கப்படுகிறது. படம் எடுத்தாகிவிடும், லேஅவுட் முடிவாகிவிடும், வாடிக்கையாளரும் ஒப்புதல் கொடுத்துவிடுவார். பிறகுதான் தமிழுக்கு ஆள் தேடுவார்கள். நாளைக்குக் காலையில் வேண்டும் என்பார்கள். ஏற்கெனவே வெட்டி வைத்த பெட்டிக்குள் தமிழ் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் எழுத்தின் அளவைக் குறைப்பார்கள். தமிழ் எழுதுபவருக்கு அங்கே சோடி கிடையாது, பிரீஃப் கூடப் பல வேளை கிடையாது. விளம்பரத்துக்கான பணம் கொழும்பில் முடிவாகிறது, அதனால் யோசனையும் அங்கேயே முடிவாகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதல்ல. ஆனால் யாழ்ப்பாணத்து நிறுவனம் ஒன்றுக்கு இருக்கும் ஒரே பெரிய வசதி, இங்கே தமிழ் முதல் நாளே மேசைக்கு வருகிறது என்பது. அந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, கொழும்பில் தமிழுக்கு நடப்பதை இங்கே டிசைனருக்குச் செய்கிறோம்.

சரி, திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வருவோம். கூடியிருந்து யோசனை கொட்டும் இந்தப் பழக்கத்தைப் பரப்பியவரும் ஒரு விளம்பரக்காரர்தான். பிபிடிஓ ஏஜென்சியின் பெயரில் கடைசி எழுத்துக்கு உரிய அலெக்ஸ் ஒஸ்போர்ன். யாரும் யாரையும் குறை சொல்லாமல் வாயில் வந்ததைச் சொன்னால் யோசனை பெருகும் என்பது அவர் நம்பிக்கை. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் கூடியிருந்து யோசித்த குழுக்களை ஒரு பக்கமும், தனித்தனியே யோசித்த நான்கு பேரின் யோசனைகளை ஒன்றாகச் சேர்த்து இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தால், தனித்தனியே யோசித்தவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. ஏன் அப்படி என்பதற்கு 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரண்டு உளவியலாளர்கள் கொடுத்த விளக்கம் எனக்குப் பிடித்தது. ஒருவர் கதைக்கும்போது மற்றவர் தன் முறைக்காகக் காத்திருக்கிறார். காத்திருக்கும் நேரத்தில் தன் யோசனையை மறந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பதிலேயே மூளை போய்விடுகிறது, புதிதாக ஒன்றும் வருவதில்லை.

இது எந்த ஊருக்கும் பொது. எங்கள் ஊரில் இதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. முதலாளி அனேகமாக எல்லாரையும்விட மூத்தவர். பாதிப் பேருக்கு அவர் 'சேர்', மற்றவர்களுக்கு 'அண்ணை', ஒருவருக்காவது சொந்த மாமா. அவர் முதலில் வாயைத் திறந்து, "நான் நினைக்கிறன், ஒரு குடும்பம் சிரிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி போடுவம்" என்று சொன்ன பிறகு, போன மாதம் வேலைக்கு வந்த பெட்டை, "இல்லைச் சேர், அது எல்லாரும் போடுறது" என்று சொல்லுமா? சொல்லாது. சொல்லாமல் இருப்பதைத்தான் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் மரியாதை என்று பழக்கியிருக்கிறோம். ஆகவே மௌனத்துக்கு ஆட்களைக் குறை சொல்லாதீர்கள்.

மரியாதையை உடைக்கச் சொல்லும் மேலைநாட்டு அறிவுரைகள் இங்கே எடுபடாது. முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் அலுவலகமே சங்கடப்படும். மரியாதை அப்படியே இருக்க, வரிசையை மாற்றலாம். கூட்டத்துக்கு முதல் நாளே பிரீஃபை எல்லாருக்கும் கொடுங்கள். ஒவ்வொருவரும் தாளில் எழுதியோ கீறியோ கொண்டுவரட்டும், பெயர் போடாமல். தாள்களைக் கலந்து மேசையில் பரப்புங்கள். எல்லாரும் பேசாமல் பத்து நிமிடம் பார்க்கட்டும். பிறகு கதை தொடங்கும்போது வயதில் சின்னவர் முதலில், முதலாளி கடைசியில். கடைசியாகக் கதைப்பதும் ஒரு மரியாதைதான். எங்கள் ஊர்க் கூட்டங்களில் தலைவர் முடிவுரையும் சொல்வார்தானே. இப்படிச் சொன்னால் முதலாளிமார் ஒத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

கூட்டத்தின் வேலை அங்கே முடிகிறது. இருக்கிற யோசனைகளில் எதை வளர்ப்பது என்று தெரிவுசெய்ய ஆறு பேர் கூடலாம். ஒரு யோசனையை உருவாக்க ஆறு பேர் வேண்டாம். அது சோடியின் வேலை, அதற்கு ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போதும்.

சோடி வேலை செய்ய வேண்டுமானால் பிரீஃப் வேண்டும், அதுதான் யாழ்ப்பாணத்து நிறுவனங்களில் அறவே இல்லாத பொருள். ஒரு உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடை, ஆவணிக் கல்யாண காலத்துக்கு விளம்பரம் கேட்கிறது என்று வையுங்கள். வழக்கமாக வரும் பிரீஃப் இப்படி இருக்கும்: "தரம், நம்பிக்கை, பாரம்பரியம் எல்லாம் வரவேணும். கல்யாணச் செற்றுகள் காட்ட வேணும். கொஞ்சம் வித்தியாசமா இருக்க வேணும்." இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அந்த வீதியில் இருக்கும் எந்த நகைக்கடையின் பெயரையும் போடலாம்.

இப்போது கிளையன்டோடு கதைப்பவர் அரை நாள் அந்தக் கடையில் ஒரு மூலையில் இருந்து பார்க்கட்டும். யார் வருகிறார்கள்? மகனுக்குக் கல்யாணம் முற்றாகி, தாலிக்கொடி செய்ய வரும் தாய். கூட ஒரு சித்தியோ மாமியோ. தாயின் கையில் போன். போனில் ரொறொன்ரோவில் இருக்கும் மூத்த மகன். கொடிக்குக் காசு அனுப்புவது அவர்தான். எத்தனை பவுண், என்ன வேலைப்பாடு, செய்கூலி எவ்வளவு என்று எல்லாம் அவருக்கும் கேட்க வேண்டும். கடைப் பொடியன் கொடியைத் தராசில் வைத்து, எண் தெரியும்படி போனைத் திருப்பிக் காட்டுகிறான். கடைக்காரர் இதை ஒரு சேவையாக நினைக்கவே இல்லை, தினமும் நடப்பது. ஆனால் பிரீஃப் அங்கேதான் இருக்கிறது. "யாருக்கு: தாய்க்கும், பார்க்க முடியாத தூரத்திலிருந்து காசு அனுப்பும் மூத்தவருக்கும். அவருக்கு உள்ள பயம்: நிறையிலும் தரத்திலும் அம்மாவை ஏமாற்றிவிடுவார்களோ. நாங்கள் சொல்ல வேண்டியது: இந்தக் கடையில் அவர் கண் முன்னால் நிறுப்பார்கள்." மூன்று வரி. இதற்கு மேல் பிரீஃப் தேவையில்லை.

இதை எழுதுபவரிடமும் டிசைனரிடமும் ஒரே நேரத்தில், வாயால் சொல்லி, தாளிலும் கொடுக்க வேண்டும். எப்படிப் போகும் என்று பாருங்கள். எழுதுபவர் பொன்னுருக்கில் தொடங்குவார்: நிறைகுடம், குத்துவிளக்கு, பத்தர் பொன்னை உருக்க, ஒரு ஓரத்தில் வட்ஸ்அப்பில் அண்ணன். டிசைனர் சொல்வார், "பொன்னுருக்குப் படம் எல்லா நகைக்கடைக் கலண்டரிலும் இருக்கு. தராசைக் காட்டுவம். தராசும் போனும் மட்டும்." எழுதுபவர், "போனில் அண்ணன் என்ன செய்கிறார்?" என்று கேட்பார். டிசைனர் கணக்குப் பார்ப்பார். ஆவணியில் இங்கே காலை 10 மணி என்றால் அங்கே முதல்நாள் கழிந்து நள்ளிரவு 12.30. அப்படியானால் போன் திரையில் இருட்டு அறை, கண் கசக்கிக்கொண்டு ஒருவர். எழுதுபவர் எழுதுவார்: "ரொறொன்ரோவில் இரவு 12.30. அண்ணன் இன்னும் நித்திரை கொள்ளவில்லை." டிசைனர் முதல் வசனத்தை வெட்டச் சொல்வார், இருட்டு அறை படத்திலேயே தெரிகிறது, தராசுக்குப் பின்னால் கடை வாசலில் வெயில் தெரிகிறது, நேரம் சொல்லத் தேவையில்லை. மிஞ்சுவது ஒரு வரி: "அண்ணன் இன்னும் நித்திரை கொள்ளவில்லை." கீழே சின்ன எழுத்தில் கடையின் பெயரும், வீடியோவில் நிறுத்துக் காட்டுவோம் என்ற செய்தியும்.

படத்தை மாற்றியவர் டிசைனர், கேள்வி கேட்டவர் எழுதுபவர், வரியை எழுதியவர் எழுதுபவர், வெட்டியவர் டிசைனர். வட்ஸ்அப்பில் எட்டு வரி அனுப்பியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. இந்தக் கதை நடக்கும்போது கொம்பியூட்டரைத் திறக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். பென்சில், ஏ4 தாள், அவ்வளவுதான். கொம்பியூட்டரில் செய்தால் அரை மணி நேரத்தில் முடிந்த வேலை மாதிரித் தோன்றிவிடும், வழியால் போகிறவர் எட்டிப்பார்த்து நிறத்தைப் பற்றிக் கதைப்பார், அதோடு யோசனை செத்தது. 2022இல், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, மின்சாரம் இல்லாத நேரத்தில் பென்சிலோடு இருந்து யோசித்துவிட்டு மின்சாரம் வந்ததும் செய்து முடித்தோம். அந்தக் காலத்து வேலைகள் சில இன்றைக்கும் பார்க்க நன்றாக இருக்கின்றன. மின்வெட்டை ஒருவரும் திரும்பக் கேட்க மாட்டார்கள், பென்சிலை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் நிச்சயமாகக் கேட்பார்: "தம்பி, நகை எங்கை?" அது நியாயமான கேள்வி. அவரிடம் விளம்பரத்தைக் காட்டுமுன் பிரீஃபை வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பயம் உங்கள் வாடிக்கையாளருக்கு உண்டா இல்லையா என்று கேளுங்கள். ஓம் என்று சொன்ன பிறகு படத்தை எடுங்கள். அப்படியும் கொடியைக் கொஞ்சம் பெரிதாகக் காட்டச் சொல்வார், காட்டுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. காட்டப் போகும்போது முதலாளி மட்டும் போகாமல் சோடியையும் கூட்டிப் போவது நல்லது. தாங்கள் செய்ததைக் கிளையன்ட் எந்த இடத்தில் முகம் சுளித்துப் பார்த்தார் என்று அவர்கள் நேரில் கண்டால், திருத்தத்துக்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

திருத்தங்கள் வரும் விதம் எங்கள் தொழிலின் பெரிய நோய். இரவு பத்தரைக்கு டிசைனரின் போனுக்கு நேரே குரல் பதிவு வரும். "தம்பி, அந்தச் சிவப்பைக் கொஞ்சம் கூட்டுங்கோ." பதினொரு மணிக்குக் கடைக்காரரின் மனைவியிடமிருந்து, "பச்சை நல்லா இருக்கும்." விடியப்புறம் பிரான்ஸில் இருக்கும் மைத்துனர், எழுத்து வாசிக்க முடியவில்லை என்கிறார். டிசைனர் மூன்றையும் செய்து, மூவரையும் திருப்திப்படுத்தாமல், உங்களோடு கோபித்துக்கொண்டிருப்பார். இதைத் தடுப்பது முதலாளியின் கடமை, அவரால் மட்டுமே முடியும். கிளையன்ட் பக்கம் ஒருவர், எங்கள் பக்கம் ஒருவர், எழுத்தில், ஒரே தடவையாக. எத்தனை முறை திருத்தம் இலவசம் என்று விலைக்கூற்றிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு என்று எழுதினால் மூன்று வரும். எழுதாவிட்டால் கணக்கே இருக்காது.

அலுவலகத்துக்குள் ஒருவர் வேலையை ஒருவர் குறை சொல்வதும் தனிக் கலை. அண்ணை, தங்கச்சி என்று கூப்பிட்டுப் பழகும் இடத்தில் "இது நல்லாயில்லை" என்ற இரண்டு சொல் குடும்பச் சண்டை மாதிரிப் போய்ப் படும். ஆளைத் தொடாமல் பிரீஃபைத் தொடுங்கள். "இதில் அண்ணனின் பயம் எங்கே தெரிகிறது?" என்று கேட்டால் பதில் வரும், அல்லது பதில் இல்லாதது செய்தவருக்கே விளங்கும். இன்னொன்று, எழுதுபவர் நிறத்தைப் பற்றியும் டிசைனர் சொல்லைப் பற்றியும் கருத்துச் சொல்ல உரிமை இருக்க வேண்டும், இறுதி முடிவு உரியவருடையது. இந்த உரிமை இல்லாத சோடி வெறும் பக்கத்துப் பக்கத்து மேசைதான்.

எங்கள் ஊர் அச்சகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் ஒரு கெட்டித்தனம் உண்டு, விளம்பர நிறுவனங்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மரண அறிவித்தல் போடும் முறையைச் சொல்கிறேன். பிறந்த இடம், வசிப்பிடம், காலஞ்சென்ற பெற்றோர், மனைவி, பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், பேரப்பிள்ளைகள் என்று நீளும். ஒரு பெயர் விடுபட்டால், அல்லது மூத்த மருமகன் இளையவருக்குப் பின்னால் வந்துவிட்டால், அந்தக் குடும்பத்தில் அடுத்த கல்யாணம் வரைக்கும் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். அதனால் பழைய அச்சகங்களில் ஒருவர் மூலத்தை உரத்து வாசிக்க, மற்றவர் அச்சுப் படியில் விரல் வைத்துக்கொண்டு போவார். முப்பத்தொராம் நாள் நினைவாக அடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்கும் அப்படித்தான். ஒப்புநோக்குநர் என்று தனி ஆளே பத்திரிகைகளில் இருப்பார்.

விளம்பர நிறுவனங்களில் இப்போது கொம்பியூட்டர் திரையில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். தமிழில் அது ஆபத்து. பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்கள். எழுதுபவர் போனில், இப்போதைய பொது முறையான யூனிகோட்டில் எழுதுகிறார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கிரந்த எழுத்துகளும் குறிகளும் பிசகும். பாமினி இல்லாத கொம்பியூட்டரில் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோட்டிலேயே செய்தாலும், டிசைன் மென்பொருளில் உரிய அமைப்பைப் போடாவிட்டால் கொம்பும் காலும் தங்கள் எழுத்தை விட்டு விலகி நிற்கும். இருபதடி பிளெக்ஸில் 'கோ' உடைந்து நிற்பதை வீதியில் நீங்களே கண்டிருப்பீர்கள். ஆகவே அச்சுக்குப் போகும் கடைசிக் கோப்பை எழுதியவர் பார்க்காமல் போகக் கூடாது. தாளில் எடுத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்க வேண்டும். தொலைபேசி எண்ணையும் உரத்து வாசியுங்கள். சோடிக்கு இது நல்ல பயிற்சியும் கூட: டிசைனர் வாசிக்கும்போது எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே உங்கள் வசனம் நீளம்.

நேரத்தைப் பற்றி. விளம்பரத் தொழிலில் இரவிரவாக வேலை செய்வதை ஒரு பெருமையாகச் சொல்லும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. எனக்கு அதில் மதிப்பில்லை. இங்கே அதற்கு ஒரு தனி விளைவும் இருக்கிறது. பருத்தித்துறைக்கோ காரைநகருக்கோ போக வேண்டிய பெண் பிள்ளைகள் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் எழும்பிப் போய்விடுவார்கள். யோசனை முடிவாவது இரவு எட்டு மணிக்குப் பிறகு என்றால், முடிவு எடுக்கும் இடத்தில் ஒரு பெண்ணும் இருக்க மாட்டார். சீலைக்கடைக்கும் நகைக்கடைக்கும் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கும் விளம்பரம் செய்யும் ஊரில் இது எவ்வளவு பெரிய நட்டம் என்று கணக்குப் பார்க்கவே தேவையில்லை. முக்கியமான முடிவெல்லாம் மத்தியானத்துக்கு முன்னால் என்று ஒரு வழக்கம் கொண்டுவாருங்கள். சட்டமும் உங்கள் பக்கம்தான்: 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வழமையான வேலை நேரம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், கிழமைக்கு 45 மணி நேரம். அதற்கு மேல் என்றால் ஒன்றரை மடங்கு சம்பளம். சிறிய நிறுவனங்களில் இதை நினைவூட்டினால் முகம் கறுக்கும், தெரிந்தாவது வைத்திருங்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும். 25 நாளும் நகரமே அங்கேதான், எல்லாக் கடைக்கும் பதாகை வேண்டும், எல்லாருக்கும் கொடியேற்றத்துக்கு முதல் நாள் வேண்டும். கொடியேற்றம் எப்போது என்பது கலண்டரில் வருடத் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் அந்தக் கிழமை வந்ததும் ஏதோ திடீரென்று நடந்தது போல ஓடுவோம். யோசனை வேலையை ஒரு மாதம் முன்னால் முடித்து, திருவிழாக் கிழமையில் அச்சும் பொருத்தலும் மட்டும் என்று வைத்தால் அலுவலகத்தில் பாதிச் சண்டை இருக்காது.

இதெல்லாம் காசோடும் சம்பந்தப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பிளெக்ஸ் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசுவார்கள், டிசைன் அதோடு சும்மா வரும் என்று நினைப்பார்கள். உலகத்திலும் நெடுங்காலம் ஏஜென்சிகள் யோசனைக்கு நேரடியாக விலை சொல்லவில்லை. பத்திரிகை, வானொலியில் வாங்கிக் கொடுக்கும் இடத்தில் 15 வீதம் கமிஷன் எடுத்தார்கள், அதற்குள் யோசனையும் அடக்கம். சும்மா வரும் பொருளுக்கு முதலாளி எப்படி இரண்டு பேரை இரண்டு நாள் ஒதுக்குவார்? விலைக்கூற்றில் யோசனைக்கும் வடிவமைப்புக்கும் தனி வரி போடச் சொல்லுங்கள். தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, வரி இருக்க வேண்டும். அந்த வரி இருந்தால்தான் சோடிக்கு நேரம் கிடைக்கும்.

முதலாளியிடம் இதையெல்லாம் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அடுத்து வரும் வேலைகளில் அவசரம் இல்லாத ஒன்றைத் தெரிவுசெய்து, "சேர், இந்த ஒன்றை மட்டும் நானும் டிசைனரும் முதலிலிருந்தே சேர்ந்து செய்து பார்க்கிறோம்" என்று கேளுங்கள். கிளையன்டிடம் போய் அரை நாள் இருந்து பிரீஃபை நீங்களே எழுதுங்கள். முதலாளியின் யோசனையையும் தாளில் எழுதித் தரச் சொல்லி, மற்றத் தாள்களோடு பெயரில்லாமல் போடுங்கள். சில வேளை அதுதான் நல்லதாக இருக்கும். முப்பது வருடமாக இந்த ஊர்க் கடைக்காரரோடு பழகியவருக்கு உங்களுக்குத் தெரியாதது நிறையத் தெரியும்.

கொழும்புக்குப் போவதா என்ற கேள்விக்கு வருகிறேன். போய் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வருவது நல்லதுதான். ஒழுங்கான பிரீஃப் எப்படி இருக்கும், ஒரு கிரியேட்டிவ் டிரெக்டர் நல்ல யோசனையைக் கொல்லாமல் எப்படித் திருத்துவார் என்பதைப் பக்கத்தில் இருந்துதான் பழகலாம். நேர்முகத்தில் அவர்கள் உங்களைக் கேட்பது இருக்கட்டும், நீங்கள் அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். தமிழ் எழுதுபவருக்குச் சோடியாக ஒரு டிசைனர் இருக்கிறாரா? பிரீஃப் எனக்கு எந்தக் கட்டத்தில் வரும்? இரண்டாவது கேள்விக்கு "லேஅவுட் முடிஞ்ச பிறகு" என்று பதில் வந்தால், சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள்.